கடன் வாங்காமல் கல்யாணத்தை முடிக்க முடியுமா?

கேள்வி: இன்னும் எட்டு மாதத்தில் எனக்குக் கல்யாணம். நானும் அவரும் வேலைக்குப் போகிறோம், மூன்று வருடமாக இருவரும் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. முதலில் 200 பேர் போதும் என்று ஆரம்பித்தோம், இப்போது பட்டியல் 420-இல் நிற்கிறது. விசாரித்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் எங்கள் சேமிப்பைப் போல ஒன்றரை மடங்கு வருகிறது. குறைவதற்கு ஒரு லோன் போட்டுக்கொள்ளலாம், கல்யாணத்துக்கு அப்புறம் சேர்ந்து கட்டிவிடலாம் என்கிறார் அவர். ஓய்வுக்காலத்துக்கு வைத்திருக்கும் பணத்திலிருந்து எடுத்துத் தருகிறேன் என்கிறார் அப்பா. எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. அழைப்பிதழுக்கு மலிவான தாள், அலங்காரத்தை நாங்களே செய்வது என்று ஒரு நோட்டு நிறைய யோசனை எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் எதைச் செய்தாலும் கூட்டுத்தொகை அசையவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு செய்கிறேன்? (செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன். மண்டபத்துக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.)

பதில்: தவறு என்று பெரிதாக எதுவும் இல்லை. குறைக்க வேண்டிய ஒரே இடத்தை மட்டும் தொடாமல், அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த இடத்தைத் தொட்டால் வீட்டில் யாராவது வருத்தப்படுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், அதனால்தான் கை அங்கே போகவில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய கணக்கை எளிதாகப் புரிந்துகொள்வதற்காக உங்கள் சேமிப்பை 100 என்று வைத்து மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மொத்தச் செலவு 150. அதில் 90, வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஆகிற செலவு, அதாவது சாப்பாடு, நாற்காலி, பரிமாறுகிறவர்களுக்கான கூலி, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அறை, இப்படி. மீதி 60 மண்டப வாடகை, அலங்காரம், உடை, போட்டோ, வண்டி மாதிரியானவை. அழைப்பிதழுக்கு நீங்கள் போட்டிருப்பது 2. மலிவான தாளில் அடித்து அதைப் பாதியாக்கினால் மிச்சம் 1. ஆனால் 90-ஐ 420 பேருக்குப் பிரித்தால், பட்டியலில் ஐந்து பேரைக் குறைத்தாலே அதே 1 மிச்சமாகிவிடுகிறது! அலங்காரம் 12 போட்டிருக்கிறீர்கள், நீங்களே செய்தாலும் பொருள் வாங்கப் பாதியாவது போய்விடும், மிச்சமாகும் 6 என்பது 28 பேருக்கான செலவு. அந்த ஆறுக்காக நீங்களும் தோழிகளும் கல்யாணத்துக்கு முந்தைய இரவு தூங்காமல் பூக் கட்டிக்கொண்டிருப்பீர்கள், மறுநாள் போட்டோவில் அது கண்ணில் தெரியும்.

ஆகவே நோட்டில் உள்ள யோசனைகளைக் கிழித்துப் போட வேண்டாம், ஆனால் அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒரு கல்யாணத்தின் செலவை முக்கால்வாசி முடிவு செய்வது மூன்றே கேள்விகள்: எத்தனை பேர், எந்த நாள், யாருடைய பணம். இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் அதற்கு அப்புறம் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் பெரிதாக எதுவும் மாறாது. நீங்கள் இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களை உறுத்துவது அதுதான்.

லோன். குறைவது 50. ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் மூன்று வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம், திருப்பிக் கட்டுவது மொத்தம் 62-க்கும் மேல். ஐந்து வருடமாக நீட்டினால் மாதத் தவணை சிறியதாகத் தெரியும், ஆனால் கட்டுவது 71-ஐத் தாண்டிவிடும். இதில் லோனுக்கான செயலாக்கக் கட்டணம் சேரவில்லை. சரி, உங்களால் கட்ட முடியாதா? முடியும். ஆனால் நீங்கள் இருவரும் மூன்று வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாதாமாதம் சேர்த்தீர்களே, அந்தத் தொகையில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் அடுத்த மூன்று வருடம் ஒரே ஒரு நாளுக்காகப் போய்க்கொண்டிருக்கும். புது வீட்டுக்கு முன்பணம், ஒருவர் வேலை மாறினால் இடைவெளி, குழந்தை என்று பணம் அதிகம் தேவைப்படுகிற வருடங்களும் அவைதான். ‘கல்யாணக் கடன்’ என்று தனிப் பெயரில் விளம்பரம் வந்தால் ஏமாறாதீர்கள், பெரும்பாலும் அது சாதாரணத் தனிநபர் கடன்தான், பெயர்ப்பலகை மட்டும் புதிது. கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு மெதுவாகக் கட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள். மாதம் 3 சதவீதம் என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும், வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது.

அப்பாவின் பணம். இதில் நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், எடுக்க விடாதீர்கள். வீடு வாங்கக் கடன் கிடைக்கும், படிப்புக்குக் கடன் கிடைக்கும், வயதான காலத்தில் மாதச் செலவுக்குக் கடன் கிடைப்பது அரிது. அது போக, அந்தப் பணம் இப்போது எவ்வளவு என்று மட்டும் பார்க்கக் கூடாது. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரண்டு மடங்காக எத்தனை வருடம் ஆகும் என்று சுமாராகத் தெரிந்துவிடும். 8 சதவீதம் கிடைத்தால் ஒன்பது வருடம். அப்பா இன்று எடுக்கிற ஒவ்வொரு தொகையும் ஒன்பது வருடம் கழித்து அதைப் போல இரண்டு மடங்காக அவருக்குத் தேவைப்படப் போகிற பணம், அப்போது அதைக் கொடுக்கப் போவதும் நீங்கள்தான். ஆனால் அவரிடம் இதைக் கணக்காகச் சொல்லாதீர்கள். மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அது, வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மனம் உடைந்துவிடும். மாதச் சம்பளத்திலிருந்தே கொடுக்கக்கூடிய ஒன்றை அவர் கையில் ஒப்படையுங்கள், அழைப்பிதழோ, நீங்கள் அன்று உடுத்தப் போகிற உடையோ. “இது அப்பா எடுத்துக் கொடுத்தது” என்று நீங்கள் நாலு பேரிடம் சொன்னால் அவருக்கு அது போதும்.

ஆக, உங்கள் பணம் 100 மட்டுமே. அந்த 100-ஐயும் கல்யாணத்தில் போட்டுவிடாதீர்கள். 15-ஐ எடுத்துத் தனியே வையுங்கள், அது கல்யாணம் முடிந்த மறுநாள் உங்களுக்கு இருக்க வேண்டிய பணம். மீதி 85-இல் ஒரு 9-ஐ எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள், ஏனென்றால் ஏதாவது ஒன்று வராமல் இருக்காது. டேனியல் கானமன், ஏமாஸ் டிவெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979-லேயே இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள், ‘திட்டமிடல் பிழை’ என்று. நம் சொந்த வேலை என்று வரும்போது, எல்லாம் நினைத்தபடியே நடக்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம், இதற்கு முன் ஊரில் எத்தனை கல்யாணம் பட்ஜெட்டைத் தாண்டியது என்று பார்த்திருந்தாலும்! எனவே நீங்கள் திட்டம் போட வேண்டிய தொகை 76. மண்டபக்காரர் பட்ஜெட் எவ்வளவு என்று கேட்டால் சொல்ல வேண்டியதும் 76-க்குள் அவருக்கு ஒதுக்கிய பங்கை மட்டும்தான், அதிலும் ஒரு படி குறைத்தே சொல்லுங்கள்.

76-க்குள் வருமா? வரும். 60 போட்டிருக்கும் பொதுச் செலவு 40-க்கு இறங்க வேண்டும். விழாவுக்கு ஒரு இடம், வரவேற்புக்கு ஒரு இடம் என்று இரண்டு எழுதியிருக்கிறீர்கள். ஒரே இடத்தில் ஒரே நாளில் வைத்தால் வாடகை, அலங்காரம், வண்டி மூன்றும் ஒரே நேரத்தில் குறையும், ஒரே பூவை மேடையிலிருந்து வாசலுக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். அப்புறம் நாள். எல்லோரும் கல்யாணம் வைக்கிற மாதத்தில், எல்லோருக்கும் விடுமுறையாக இருக்கிற நாளில் மண்டபத்துக்கு உங்கள் அளவுக்கு நீங்கள் முக்கியமில்லை, நீங்கள் இல்லையென்றால் இன்னொருவர் வருவார். வார நாளில், கூட்டமில்லாத மாதத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும், ஏனென்றால் அன்றைக்கு அந்த மண்டபம் காலியாகக் கிடந்தால் அந்த நாளின் வாடகை அவர்களுக்கு ஒருபோதும் திரும்பக் கிடைக்காது. மண்டபத்தில் குறைகிற விலை போட்டோக்காரரிடமும் மேக்கப் செய்கிறவரிடமும் அதே காரணத்தால் குறையும். வார நாள் என்றால் வர முடியாதவர்கள் சிலர் இருப்பார்கள் என்பதும் உண்மை, நெருங்கியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள்.

மீதி 36. தலைக்கு ஆகும் செலவை ஆறில் ஒரு பங்கு குறைத்தால், அதாவது சாப்பாட்டில் வகைகளைக் குறைத்தால், அந்த 36-இல் 200 பேரை நன்றாகவே உபசரிக்கலாம். தரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பன்னிரண்டு வகை சுமாராக இருப்பதைவிட ஏழு வகை ருசியாக இருந்தால் வந்தவர்கள் வயிறு நிறைந்து போவார்கள், இலையிலும் தட்டிலும் வீணாவதும் குறையும். 200 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? நீங்கள் இருவரும் யார் பேச்சையும் கேட்பதற்கு முன்னால், முதலில் சொன்ன எண். அப்போது நீங்கள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

சரி, 220 பேரை எப்படிக் கழிப்பது? இங்கேதான் உங்களுக்குப் பயம், எனக்குப் புரிகிறது. முதலில் ஒருவரையும் கழிக்காதீர்கள், இடங்களைப் பிரியுங்கள். உங்கள் வீட்டுக்கு 65, அவர் வீட்டுக்கு 65, உங்கள் இருவரின் நண்பர்கள், அலுவலகம் எல்லாம் சேர்த்து 70. அந்தந்த வீட்டுக்காரர்களே தங்கள் 65-ஐ நிரப்பட்டும். நீங்கள் ஒரு அத்தையின் பெயரை அடித்தால் சண்டை வரும், அவர்களே அடித்தால் வராது. தடுமாறுகிறவர்களுக்கு ஒரு கேள்வி கொடுங்கள்: கடந்த ஒரு வருடத்தில் இவர்களோடு ஒரு தடவையாவது பேசியிருக்கிறோமா? அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் போனோமே என்பார்கள், போனது உண்மை, பதிலுக்குச் செய்ய வழி இது ஒன்றுதான் என்றில்லை. இன்னும் ஒரு விதி, கொஞ்சம் கறாரானது, ஆனால் நான் பார்த்த வரை வேலை செய்கிறது: 65-க்கு மேல் அழைக்க விரும்புகிறவர்கள் தாராளமாக அழைக்கலாம், அந்த ஆட்களுக்கான முழுச் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும், அதுவும் கடன் வாங்காமல். இதைச் சொன்ன உடனே பாதிப் பெயர் தானாகக் காணாமல் போகும். முக்கியமாக, இது உங்கள் இருவரின் முடிவாக இரண்டு வீட்டுக்கும் போக வேண்டும். உங்கள் வீட்டாரிடம் நீங்கள் பேசுங்கள், அவர் வீட்டாரிடம் அவர் பேசட்டும். “அவள்தான் வேண்டாம் என்கிறாள்” என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அது பல வருடம் உங்களோடு வரும்.

விட்டுப்போனவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதே இல்லை. செலவைத் தீர்மானிப்பதில் ஆட்களின் எண்ணிக்கைக்கு அடுத்தபடியாக இருப்பது கடிகாரம். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டால் சாப்பாடு போட வேண்டும், இரண்டு வேளைக்கு நடுவில் கூப்பிட்டால் குடிக்க ஏதாவதும் கடிக்க ஏதாவதும் போதும். கல்யாணம் முடிந்து ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, ஒதுக்கி வைத்த 9-இல் மிச்சம் இருந்தால் அதைக் கொண்டு, ஒரு மாலை நேரத்தில் வீட்டிலோ மாடியிலோ அந்த 220 பேரையும் எளிமையாக அழையுங்கள். அன்று நின்று நிதானமாக ஒவ்வொருவரிடமும் நாலு வார்த்தை பேச முடியும், மேடையில் வரிசையில் நின்று கைகுலுக்கும்போது அது முடியாது.

இதைச் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஃபிரான்சிஸ், ஹியூகோ மியலான் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், திருமணம் ஆன அல்லது ஆகிப் பிரிந்த 3000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2014-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மோதிரத்துக்கும் கல்யாண விழாவுக்கும் அதிகம் செலவு செய்தவர்களிடையே மணவாழ்க்கை குறுகியதாக இருக்கும் போக்கு தெரிந்தது, விழாவுக்கு நிறையப் பேர் வந்தவர்களிடம் அதற்கு எதிரான போக்கு. செலவு செய்ததால்தான் பிரிந்தார்கள் என்று இது நிரூபிக்கவில்லை, கடன் சுமை, குடும்பப் பின்னணி என்று பின்னால் வேறு காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஆடம்பரமும் ஆட்கள் கூடுவதும் வேறு வேறு விஷயங்கள் என்பதை எனக்கு இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டியதில்லை.

இனி விலை பேசும் இடம். மூன்று பேக்கேஜ் காட்டுவார்கள், மிக விலை அதிகமானதை முதலில் காட்டுவார்கள், அதைப் பார்த்த கண்ணுக்கு நடுவில் உள்ளது மலிவாகத் தெரியும். பேக்கேஜைப் பார்க்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்ட கொட்டேஷன் கேளுங்கள், “இதை எடுத்துவிட்டால் எவ்வளவு குறையும்?” என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். எடுத்தாலும் விலை குறையாது என்றால் அந்த வரி சும்மா இடத்தை அடைக்க வைத்தது. “கல்யாணம் வாழ்க்கையில் ஒரு தடவைதானே” என்ற வாக்கியம் வந்தால் மட்டும் எச்சரிக்கையாகிவிடுங்கள். வைரம் என்றென்றைக்கும் என்கிற வாசகமே டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்துக்காக 1947-இல் ஒரு விளம்பர முகமையில் வேலை பார்த்த ஃபிரான்சஸ் கெரட்டி எழுதியதுதான், இன்று உலகத்தில் பாதிப் பேர் அதைத் தங்கள் சொந்த ஆசை என்றே நினைக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். என் தங்கையின் கல்யாணத்தில் அலங்காரம் செய்தவரிடம் வாய்ப்பேச்சாகத்தான் முடிவு செய்தோம், தெரிந்தவர் மூலமாக வந்தவர் என்ற நம்பிக்கை. விழா அன்று மாலை, விருந்தினர் வந்துகொண்டிருக்கும்போது, கூடுதல் விளக்குக்கும் வாசல் அலங்காரத்துக்கும் என்று பேசியதில் கால்வாசியை மேலும் கேட்டார், அந்த நேரத்தில் யார் வாதாடுவது? கொடுத்துவிட்டோம். நான் தொழிலே இதுதான் என்று இருக்கிறவள், எனக்கே அப்படி நடந்தது. எழுத்தில் என்ன இருக்க வேண்டும் என்றால், வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகை, மின்சாரம், சுத்தம் செய்வது, கூடுதல் நேரம் ஆனால் மணிக்கு எவ்வளவு, நாளை மாற்றினாலோ ரத்து செய்தாலோ அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும், வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தால் அதற்கு ஏதாவது கட்டணம் உண்டா. பணத்தைத் தவணையாகப் பிரித்து, கடைசிப் பகுதியை வேலை முடிந்த பிறகு கொடுங்கள்.

சாப்பாட்டுக்கு இன்னும் ஒன்று தனியாகப் பேச வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேருக்கு என்று ஒரு எண் ஒப்பந்தத்தில் இருக்கும், வந்தாலும் வராவிட்டாலும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். அழைத்த எல்லோரும் வருவதில்லை, ஆகவே அந்தக் குறைந்தபட்ச எண்ணை அழைத்த எண்ணிக்கைக்குக் கீழே வையுங்கள், இறுதி எண்ணைச் சொல்ல வேண்டிய தேதி விழாவுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அந்தத் தேதிக்கு முந்தின வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து கேட்கிற வேலையை, பேச்சில் கெட்டிக்காரரான ஒரு சித்தப்பாவிடமோ அக்காவிடமோ கொடுத்துவிடுங்கள். முழுக் கல்யாணத்திலும் ஒரு நாள் வேலைக்கு இதைவிட அதிகம் மிச்சமாகிற வேலை கிடையாது. அழைப்பிதழ் ஆளுக்கு ஒன்றல்ல, வீட்டுக்கு ஒன்று என்பதையும் கணக்கில் எடுங்கள், 200 பேருக்கு 200 அடிக்கத் தேவையில்லை.

எதில் குறைக்கக் கூடாது என்றும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானே சொல்கிறேன். சாப்பாட்டின் சுத்தத்தில் குறைக்காதீர்கள். போட்டோவில் நேரத்தைக் குறையுங்கள், ஆளின் திறமையைக் குறைக்காதீர்கள், முக்கியமான நாலைந்து மணி நேரம் நல்ல ஒருவர் எடுத்தால் போதும், ஆல்பத்தை அப்புறம் பணம் இருக்கும்போது போட்டுக்கொள்ளலாம். உடை, நீங்கள் மறுபடியும் உடுத்துவதாக இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வாடகை.

இதற்கெல்லாம் ஒரு தனி வங்கிக் கணக்கு திறந்து 85-ஐயும் அதில் போட்டுவிடுங்கள், கல்யாணச் செலவு எல்லாம் அதிலிருந்து மட்டும் போகட்டும், இருவரும் வாரம் ஒரு தடவை இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம், நீங்கள் கவனிக்காத ஒன்று: இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, நீங்கள் சேர்ப்பதை நிறுத்தப் போவதில்லை. இதே வேகத்தில் போனால் சுமார் 22 சேரும். அதை விழாவுக்குக் கொண்டுவராதீர்கள். தனியே வைத்த 15-ஓடு சேர்ந்தால் 37. அவர் சொன்ன வழியில் போனால் கல்யாணத்துக்கு மறுநாள் கையில் அந்த 22 இருந்தாலும், வட்டியோடு கட்ட வேண்டிய 62 உங்கள் தலையில் இருக்கும், இந்த வழியில் கடனே இல்லாமல் கையில் 37 இருக்கும். லோன் பற்றி அவரிடம் வாதாட வேண்டாம், இந்த இரண்டு கணக்கையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

இந்த வாரக் கடைசியில் முதலில் நீங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து 200-ஐ உறுதி செய்யுங்கள், அப்புறம் அவரவர் வீட்டில் பேசுங்கள், அதுவரை எந்த மண்டபத்துக்கும் போக வேண்டாம். இரண்டு வீட்டுப் பட்டியலும் வந்த பிறகு எத்தனையில் நின்றது என்று எழுதுங்கள், 230, 240 என்று நின்றாலும் பரவாயில்லை, எந்த வரியில் அதை ஈடுகட்டலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.